கூடுதல் புலம் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி

நிறுவனத்தின் இயந்திரங்களையும் கணினிகளையும் பதிந்துவைக்கும் சொத்துப் பதிவேட்டு மென்பொருளில் புதிதாக ஒரு புலத்தை, அதாவது விவரம் எழுதும் ஒரு கட்டத்தை, சேர்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பெயரைத் தட்டச்சு செய்து, அது எழுத்தா எண்ணா தேதியா என்று தேர்ந்தெடுத்து, சேமித்துவிட்டால் போதும். அந்த நொடியிலிருந்து ஆலையிலுள்ள ஒவ்வொரு மோட்டாருக்கும் கணினிக்கும் எதிரே ஒரு வெற்றுக் கட்டம் முளைத்து நிற்கும். அந்தக் கட்டத்தை எவர், எப்பொழுது, எதைப் பார்த்து நிரப்புவார் என்று மென்பொருள் கேட்பதில்லை. புலம் சேர்க்கும் உரிமை என் கணக்கில் இருப்பதால் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இரண்டு ஆலைகள். ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், மற்றொன்று ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் தடாவுக்கு அருகிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், எளாவூர் சோதனைச் சாவடியும், ஒரு மாநில எல்லையும் உண்டு. சூலூர்பேட்டை மின்சார ரயிலில் இரண்டு பக்கத்துத் தொழிலாளர்களும் வருகிறார்கள். பழுதுபார்ப்புப் பிரிவில் ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிவது இங்கே சாதாரணம். இயந்திரங்களும் அப்படித்தான். அங்கே ஒரு பம்பு பழுதானால் இங்கிருந்து ஒன்று போகும், பிறகு வேறொன்று திரும்பி வரும். எல்லையின் இரு பக்கமும் ஒரே பதிவேடு என்பதால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பதிவேடு ஸ்னைப்-ஐடி என்ற திறமூல மென்பொருளில் இருக்கிறது. கணினித் துறையினருக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. ஆயினும் மோட்டார், கிரேன், எடைமேடை, அச்சு என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற முடிகிறதென்றால் அதற்குக் காரணம் கூடுதல் புலங்கள்தான். அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு சொத்தும் ஒரு மாடலைச் சேர்ந்தது; மாடலுக்கு ஒரு புலத் தொகுப்பு; தொகுப்புக்குள் புலங்கள். ஆகவே மடிக்கணினியின் பக்கத்தைத் திறந்தால் மேக் முகவரியை (வலையிணைப்புக் கருவியின் அடையாள எண்ணை) கேட்கும், மோட்டாரின் பக்கத்தைத் திறந்தால் கேட்காது. ஒரே புலத்தை இரண்டு தொகுப்புகளில் வைத்து, ஒன்றில் கட்டாயமாகவும் மற்றொன்றில் விருப்பமாகவும் அமைத்துக்கொள்ள இயலும். இதைக் கவனிக்காமல் எல்லாப் புலங்களையும் ஒரே தொகுப்பில் கொட்டி, அதையே எல்லா மாடல்களுக்கும் மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பதிவேட்டில் நாற்காலியும் தன் ஐ.பி. முகவரியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பம்பு அறையில் இருக்கும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டால், நான் கேட்கும் கேள்வியின் அவசியம் புரியும். அதன் உடம்பில் ஒரு நேம் பிளேட் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து உப்புக் காற்றில் ரிவெட்டின் தலை துருப்பிடித்திருக்கும். கடைசியாக வெள்ளையடித்தவர்கள் மோட்டாரோடு சேர்த்துத் தகட்டுக்கும் நீலப் பெயின்ட் பூசியிருப்பார்கள். தொழிலாளி ஒருவர் தின்னர் நனைத்த துணியால் அதைத் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், அச்சு மெல்லத் தெரியும்: 3.7 கிலோவாட், 5 எச்.பி., வேகம், வோல்ட், ஆம்பியர், தொடர் எண். பதிவேட்டில் ‘திறன்’ என்று ஒரு புலம், எண் மட்டுமே ஏற்கும் என்ற நிபந்தனையோடு, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டித் தொழிலாளி அதில் 5 என்று எழுதுவார், ஏனென்றால் கடையில் காயில் கட்டக் கொடுக்கும்போதும் அஞ்சு எச்.பி. மோட்டார் என்றுதான் சொல்கிறார். பில்லும் அப்படித்தான் வருகிறது. தடாவில் இருக்கும் இளம் பொறியாளர் 3.7 என்று எழுதுவார். இரண்டும் எண்கள்தான் என்பதால் மென்பொருள் இரண்டையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். பிறகு மேலாளர் இரண்டு ஆலைகளின் மொத்த இணைப்புத் திறன் எவ்வளவு என்று கேட்டால், பதிவேடு ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

இதற்கு மருந்து எளிது. அலகைப் புலத்தின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும்: ‘திறன், கிலோவாட்டில்’. புலத்தின் கீழே வரும் உதவிக் குறிப்பில், ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட் என்றும், தகட்டில் இரண்டும் இருந்தால் சிறிய எண்ணை எழுத வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எச்.பி.-க்கென்று இன்னொரு புலம் சேர்க்கலாமே என்று எவராவது சொல்லுவார்கள். சேர்க்கக் கூடாது. ஒரே உண்மையை இரண்டு கட்டங்களில் எழுத இடம் கொடுத்தால் சில மாதங்களில் இரண்டும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்லத் தொடங்கும். அப்போது எது சரி என்று கண்டுபிடிக்க மறுபடியும் தின்னரும் துணியுமாகப் பம்பு அறைக்குத்தான் போக வேண்டும்.

அதே மோட்டாரின் பேரிங் எண்ணுக்கு வருவோம். பழுதுபார்ப்புப் பிரிவுக்கு அது மிகவும் தேவையான தகவல். இரவு ஷிப்டில் மோட்டார் இரைச்சல் போடும்போது ஸ்டோரில் 6206 இருக்கிறதா, 6306 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் காலையில் வேலை தொடங்கிவிடலாம். சில நிறுவனங்கள் அதைத் தகட்டிலேயே அச்சிடுகின்றன, சில அச்சிடுவதில்லை. அச்சிடாத மோட்டாரில், மூடியைக் கழற்றும் நாளில்தான் அந்த எண் கண்ணில் படும். அதாவது, சொத்தைப் பதிவு செய்யும் நாளில் அந்தக் கேள்விக்கு விடை உலகத்தில் எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட புலத்துக்குக் கட்டாயம் என்ற குறியைப் போட்டால் விடை வந்துவிடும் என்று நிர்வாகம் நம்புகிறது. வருவது ஒரு புள்ளி, ஒரு கோடு, ‘இல்லை’, அல்லது 1234. வெற்றுக் கட்டமாவது தெரியாது என்று நேர்மையாகச் சொல்லும். 1234 அதையும் சொல்வதில்லை.

கட்டாயப் புலத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு, அது பிறகுதான் தெரியவரும். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் மோட்டார்களின் தொகுப்பில் இன்று ஒரு கட்டாயப் புலத்தைச் சேர்த்தால், பழைய பதிவுகள் அப்படியே கிடக்கும். நாளைக்கு ஒருவர் அவற்றில் ஒன்றைத் திறந்து, இருக்கும் இடத்தை மட்டும் திருத்திச் சேமிக்கப் பார்த்தால், பேரிங் எண் இல்லை என்று மென்பொருள் மறுத்துவிடும். அவர் என்ன செய்வார்? பாதிப் பேர் பொய்யான எண்ணை எழுதுவார்கள். மீதிப் பேர் திருத்தாமலே மூடிவிடுவார்கள். மோட்டார் தடாவில் ஓடிக்கொண்டிருக்க, பதிவேடு அதைக் கும்மிடிப்பூண்டியில் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே என் வழக்கம் இது: பதிவு செய்பவர் தன் கண்ணெதிரே பார்த்து எழுதக்கூடியது மட்டுமே கட்டாயம். மற்றவை எந்த வேலையின்போது தெரியவருமோ, அந்த வேலையைச் செய்பவரின் பொறுப்பு. பேரிங் எண்ணை, பேரிங் மாற்றியவர் எழுத வேண்டும். அவருடைய வேலைச்சீட்டில் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் புலங்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. நிலை என்ற புலத்தில் ரன்னிங், ஸ்டாண்ட்பை, ரிப்பேர், ஸ்க்ராப் என்று நான்கே விடைகள் வைத்திருக்கிறேன். தமிழ் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் இவற்றைத்தான் சொல்கிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, “சார், இதுல மத்தவைன்னு ஒண்ணு சேர்த்துடுங்க, எங்களுக்கு வேலை ஈசியா முடியும்” என்றார். சேர்த்தேன். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை ‘மற்றவை’ என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, அவை என்ன என்று அவரிடமே கேட்பேன் என்றும் சொல்லிவைத்தேன். கேட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை வெளியில் காயில் கட்டப் போனவை என்று தெரிந்தது. அதற்கென்று ஐந்தாவது விடை ஒன்று பட்டியலில் ஏறியது. ‘மற்றவை’யில் கூட்டம் சேர்ந்தால் பட்டியலில்தான் குறை, நிரப்புபவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தமாகப் பதிவேற்றும் எவரும் எக்செல் வழியாகத்தான் வருகிறார்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக 15 இலக்கம் என்பதால் மயிரிழையில் தப்பிக்கிறது; ஆனாலும் திரையில் அறிவியல் குறியீட்டில் சுருங்கித் தெரியும். வண்டிகளின் ஜி.பி.எஸ். கருவியிலும், தொட்டிகளின் அளவுகளைப் பதிந்துகொள்ளும் டேட்டா லாகரிலும் இருக்கும் சிம் அட்டையின் எண்ணோ 19 அல்லது 20 இலக்கம். இந்தியச் சிம்கள் 8991 என்று தொடங்கும். ஒரே கட்டில் வாங்கிய சிம்களுக்கு முதல் பகுதி ஒன்றாகவே இருக்க, கடைசி இலக்கங்கள் மட்டுமே வேறுபடும். எக்செல் அந்தக் கடைசி இலக்கங்களைத்தான் சுழியங்களாக்கிவிடுகிறது! ஒரு கட்டு முழுவதும் ஒரே எண்ணாகிவிடும். அந்தப் புலத்தில் ‘ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் பதிவேற்றம் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். இல்லையென்றால் எவருக்கும் தெரியாமல் உள்ளே போய்விடும். எண் போலத் தோன்றினாலும் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்துப் புலமாக இருக்க வேண்டும். எக்செலிலும் அந்தப் பத்தியை (நெடுவரிசையை) முன்கூட்டியே எழுத்து என்று அமைத்துவிட வேண்டும். எக்செலோடு போராடி எவரும் வென்றதில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே, மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை எக்செல் தேதிகளாக்கிவிடுகிறது என்பதற்காக, மார்ச்எஃப்1, செப்டின்1 என்று அவற்றை மாற்றிக்கொண்டதாக 2020-இல் செய்தி வந்தது.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இடம் என்பது தனிச் சிக்கல். ஆந்திர அரசு 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடாவும் சூலூர்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. ஒவ்வொரு சொத்தின் பதிவிலும் ‘மாவட்டம்’ என்று ஒரு புலம் வைத்து, கையால் நெல்லூர் என்று எழுதி வைத்திருந்த பதிவேடுகள் அன்றைக்கே மொத்தமாகப் பழையதாகிவிட்டன. ஓர் இயந்திரமும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மாவட்டம் என்பது மோட்டாரின் இயல்பு அல்ல, அது இருக்கும் ஆலையின் இயல்பு. சொத்தின் பதிவிலிருந்து இடத்தின் பதிவுக்கு ஓர் இணைப்பு மட்டும் இருந்து, மாவட்டமும் மாநிலமும் முகவரியும் இடத்தின் பதிவில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருந்தால், திருத்த வேண்டியது ஒரு வரி. வண்டிகளிலும் இதே பாடம் கிடைத்தது. பதிவெண்ணின் முதல் பகுதியை மாவட்டவாரியான பட்டியலாக வைத்து, ஏ.பி. 26 என்றால் நெல்லூர், ஏ.பி. 03 என்றால் சித்தூர் என்று கட்டிப்போடுவது வசதியாகத்தான் இருந்தது. 2019-இல் ஆந்திரம் முழுவதற்கும் ஏ.பி. 39 என்று ஒரே வரிசை வந்தது. பட்டியல் அந்தப் புதிய வண்டிகளை ஏற்க மறுத்தது.

கணக்குப் பிரிவினரின் தேவைகள் வேறு. அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் புலம் சேர்ப்பது வீண் வேலை. நிறுவனம் தன் சொத்துகளின் முழு விவரங்களையும், எண்ணிக்கையையும், அவை எங்கே இருக்கின்றன என்பதையும் காட்டும் முறையான பதிவேட்டை வைத்திருக்கிறதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆணையின் முதல் உட்பிரிவு. ஆகவே அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வெறுமனே ‘தேதி’ என்று கேட்பார்கள். வாங்கிய தேதி, வந்து இறங்கிய தேதி, ஓடத் தொடங்கிய தேதி ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஆகஸ்டில் பில் போட்டு நவம்பரில் இயக்கிய இயந்திரத்துக்கு, அந்த நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகவே பயன்பட்டதால், வருமான வரிக் கணக்கில் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். ஆகஸ்ட் தேதியை அந்தப் புலத்தில் எழுதிவிட்டால் முழுத் தேய்மானம் என்று கணக்காகிவிடும். எனவே பெயர்களை ‘பில் தேதி’, ‘பயன்பாட்டுக்கு வந்த தேதி’ என்று பிரித்து, இரண்டாவதைப் பொறியாளர் மட்டும் நிரப்பும்படி வைத்தோம், ஏனென்றால் அது தெரிந்தவர் அவர்தான். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மடிக்கணினிக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு என்று பயனாயுளைச் சொல்கிறது. அதைச் சொத்துதோறும் எழுதத் தேவையில்லை. ஒரே வகையைச் சேர்ந்த அனைத்துக்கும் ஒரே விடை என்றால், அதற்கு வகையின் பதிவில்தான் இடம்.

இரண்டு மாநிலங்களில் ஆலை இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவும் இரண்டு: 33 என்று தொடங்குவது தமிழ்நாட்டினுடையது, 37 என்று தொடங்குவது ஆந்திரத்தினுடையது. ஒரே நிறுவனம்தான் என்றாலும் வரிச் சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு வெவ்வேறு நபர்கள். எல்லையைக் கடந்து ஓர் இயந்திரத்தை நிரந்தரமாக அனுப்பினால், காசு கைமாறாவிட்டாலும் அது விற்பனை போன்றதே. ஆகவே ‘எந்தப் பதிவின் கணக்கில் இருக்கிறது’ என்ற புலமும், ‘இப்போது எங்கே இருக்கிறது’ என்ற இடக்குறிப்பும் எங்களுக்குத் தனித்தனியாகத் தேவைப்படுகின்றன. நான் மறுக்காமல் சேர்த்த மிகச் சில புலங்களில் அது ஒன்று. வெளியில் வேலைக்கு அனுப்பும் இயந்திரங்கள் 3 ஆண்டுகளுக்குள் திரும்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்வதால், எல்லாவற்றுக்கும் ‘திரும்ப வேண்டிய தேதி’ என்று ஒரு புலம் கேட்டார்கள். ஆனால் அதே பிரிவு அச்சுகள், டைகள், ஜிக்குகள், ஃபிக்ஸர்கள், கருவிகள் ஆகியவற்றுக்கு அந்தக் கெடுவிலிருந்து விலக்கு அளிக்கிறது. எங்களிடமிருந்து வெளியே போவதில் பெரும்பகுதி டைகள்தான். அவற்றின் தொகுப்பில் அந்தப் புலத்தைச் சேர்த்திருந்தால், தேவையில்லாத தேதி ஒன்றை ஒவ்வொரு முறையும் எவரோ கற்பனை செய்து எழுதியிருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகமாகத் தகராறு செய்வது, திரும்பத் திரும்ப நடப்பவற்றுக்குப் புலம் கேட்பவர்களிடம்தான். கூரைக் கிரேனையும் செயின் புல்லி பிளாக்கையும் 12 மாதங்களுக்கு ஒரு முறை தகுதி பெற்றவர் ஒருவர் முழுமையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலிருந்து வந்த நடைமுறை. லிஃப்ட் என்றால் 6 மாதத்துக்கு ஒரு முறை. மின்னணு எடைமேடைக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும்; தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறையும் ஆந்திரத்தில் சட்டமுறை எடையளவுத் துறையும் பார்க்கின்றன. பாதுகாப்பு அலுவலர் ‘சோதனை தேதி’ என்று ஒரு புலம் கேட்பார், கிடைக்கும். அடுத்த ஆண்டு புதுச் சான்று வந்ததும் பழைய தேதியின் மேல் புதிய தேதியை எழுதுவார். போன ஆண்டு சோதனை நடந்ததற்கான தடயம் கண்ணுக்கு முன்னிருந்து மறைந்துவிடும். அதைக் கண்டு பயந்து ‘சோதனை தேதி 2023’, ‘சோதனை தேதி 2024’ என்று ஆண்டுக்கு ஒரு புலம் கேட்பார். அந்தப் பாதையில் போன ஒரு பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன்: திரையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஆண்டுகள் வரிசையாக வரும், பாதிக்கு மேல் வெற்றிடம்.

சோதனை என்பது ஒரு நிகழ்வு. நிகழ்வுகளுக்கு அந்த மென்பொருளிலேயே பராமரிப்புப் பதிவு என்று தனி இடம் இருக்கிறது. தொடங்கிய நாள், முடிந்த நாள், செய்தவர், செலவு, குறிப்பு என்று ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. சான்றிதழின் நகலையும் மென்பொருளிலேயே ஏற்றி வைக்கலாம். அப்படிச் செய்த பிறகும் ஒரே ஒரு புலத்தை மட்டும் சொத்தின் பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறேன்: ‘அடுத்த சோதனை நாள்’. கோட்பாட்டின்படி பார்த்தால் அதுவும் தேவையில்லை, கடைசிச் சோதனையிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த மென்பொருளின் கூடுதல் புலங்கள் தாமாகக் கணக்குப் போடுவதில்லை. பாதுகாப்பு அலுவலருக்கோ திங்கட்கிழமை காலையில் வரிசைப்படுத்திப் பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். சான்றைப் பதிவேற்றும் அதே கையால் அவரே அந்த நாளையும் மாற்றுகிறார் என்பதால் ஒப்புக்கொண்டேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: புலத்தின் பெயரில் சட்டப் பிரிவின் எண் வரக் கூடாது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘29-ஆம் பிரிவுச் சான்று’ என்ற பெயர் வைத்திருந்தால் அது அதோடு பொருளிழந்திருக்கும். ‘தூக்கு கருவிச் சோதனை’ என்ற பெயருக்கு எதுவும் ஆகாது.

மறைகுறியாக்கம் பற்றிச் சுருக்கமாக. கடவுச்சொல், பூட்டுச் சாவியின் எண் போன்றவற்றுக்கு ஸ்னைப்-ஐடியில் புலத்தை மறைகுறியாக்கி, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாத வடிவில் மாற்றி, வைக்கலாம். அப்படிச் செய்த புலத்துக்குள் தேட முடியாது. அதைத் திறக்கும் சாவி தரவுத்தளத்துக்குள் இருப்பதில்லை, அமைப்புக் கோப்பில் இருக்கிறது. ஆகவே தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து வைப்பவர்கள், சர்வர் போன நாளில் அந்தப் புலத்தைத் திரும்பப் பெற மாட்டார்கள். ஊழியரின் ஆதார் எண்ணை மடிக்கணினிப் பதிவில் ஒரு மறைகுறியாக்கிய புலமாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மடிக்கணினி எவரிடம் இருக்கிறது என்பதற்கு ஊழியர் எண் போதும்.

பெயர் மாற்றுவதும் நீக்குவதும் சேர்ப்பதைவிடக் கடினம். காரணம், கூடுதல் புலம் தரவுத்தளத்தில் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது. சில மென்பொருள்கள் புலம், மதிப்பு என்று இரண்டு பத்திகளில் எல்லாவற்றையும் எழுத்தாகவே அடுக்கி வைக்கின்றன. அங்கே வரிசைப்படுத்தினால் 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கும். சில, எல்லாக் கூடுதல் மதிப்புகளையும் ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகின்றன. ஜிரா என்ற பணி மேலாண்மை மென்பொருளில் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் உண்டு, பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. ஸ்னைப்-ஐடியோ சொத்து அட்டவணையிலேயே புலத்துக்கு ஒரு பத்தியைச் சேர்க்கிறது. புலத்தின் பெயரைத் திருத்தினால் பத்தியின் பெயரும் மாறும், அந்தப் பத்தியை நேராகப் படித்துக்கொண்டிருந்த மாதாந்தர அறிக்கை மறுநாள் வெறுமையாக வரும். புலத்தை நீக்கினால் அந்தப் பத்தியும், அதிலிருந்த அத்தனை மதிப்புகளும் போய்விடும். ஆகவே நீக்க விரும்பும் புலத்தை நான் முதலில் தொகுப்பிலிருந்து மட்டும் கழற்றுகிறேன்; திரையில் மறையும், தரவு இருக்கும். ஒரு நிதியாண்டு முடிந்து தணிக்கையும் முடியும்வரை எவரும் அதைத் தேடி வரவில்லை என்றால், முழுப் பதிவேட்டையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குகிறேன். தேடி வருபவர்கள் வெகு குறைவு. சேர்க்கும்போது மிக அவசரம் என்று கேட்டு வாங்கியவர்களே, அது இல்லாமல் போனதைக் கவனிப்பதில்லை.

இப்போது என் மேசையில் இருக்கும் கோரிக்கை மின்கழிவு பற்றியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி, பெருமளவில் மின்னணுப் பொருள்களைப் பயன்படுத்துவோர் அவற்றைப் பதிவுபெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்காக ‘மறுசுழற்சியாளர்’, ‘ஒப்படைத்த தேதி’, ‘சான்று எண்’ என்று மூன்று புலங்களை எல்லாக் கணினிகளுக்கும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கணினி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அப்படிப் போகும் என்பதால் நிகழ்வு என்று சொல்லித் தள்ளவும் முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகளின் பக்கத்தில் மூன்று வெற்றுக் கட்டங்களைத் தொங்கவிடவும் மனம் வரவில்லை. கணினிகள் ஒவ்வொன்றாகப் போவதில்லை, ஒரு வண்டியில் மொத்தமாகப் போகின்றன. சான்றும் அந்த மொத்தத்துக்கு ஒன்றுதான் வருகிறது. எனவே ‘கழிவுச் சீட்டு எண்’ என்று ஒரே ஒரு விருப்பப் புலம் போதும், மற்ற இரண்டும் சீட்டிலேயே இருக்கட்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன். அந்த எண்ணை வண்டி ஏற்றும் நாளில் நிரப்பப்போவது தடா ஆலையின் ஸ்டோர் பொறுப்பாளரா, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் கணினிப் பிரிவா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை புலத்தைச் சேர்க்கப் போவதில்லை.